மூக்கு தள்ளுகிற வண்டி

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் வளைவு பார்க்கிறார்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவின் ஓரச் சுவரில் பெண் வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிளாஸ்கில் காபி இருக்கும், சம்படத்தில் முறுக்கு இருக்கும். மாப்பிள்ளைப் பையன் தன் காரை மேலேயிருந்து ஓட்டிக்கொண்டு இறங்குவான். வண்டி தன் பாதைக்குள்ளேயே ஒட்டித் திரும்பினால் பையன் சொக்கத் தங்கம். திரும்பாமல் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு எதிர்ப் பாதைக்குப் போனால் சம்படத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். பையன் என்ன படித்திருக்கிறான் என்றுகூட அப்புறம் கேட்க மாட்டார்கள்.

எல்லாம் குணப்பெட்டி வந்த பிறகு பிடித்த பைத்தியம். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ரயில் மாதிரி நீளம், யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் சீல் வைத்த ஒரு கறுப்பு டப்பா, அவ்வளவுதான். ஓட்டுகிற ஆள் எப்படி பிரேக் மிதிக்கிறார், எப்படி முந்துகிறார், ஹாரனில் எவ்வளவு ஆத்திரம் காட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அடங்காத ஆள் என்று அதற்குத் தோன்றிவிட்டால், முன்பக்க சஸ்பென்ஷனை விறைக்க வைத்துவிடும். அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி பாதிதான் கேட்கும். வேகத்தைக் குறைத்தால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

நல்ல யோசனைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மலைப்பாதையில் விபத்து குறைந்தது. ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? வண்டி எப்படித் திரும்புகிறதோ மனுஷனும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் வாசலில் நின்று கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்க்கிறார். கம்பெனிக்காரன் வாசல் கேட்டில் ஆளை நிறுத்திப் பார்க்கிறான்.

இதைவிடப் பெரிய கொடுமை, யாரும் யாருக்கும் வண்டி தருவதில்லை. பெட்டிக்குக் கையும் காலும்தான் தெரியும், ஆளின் பெயர் தெரியாது. யார் ஓட்டினாலும் பழி சொந்தக்காரன் தலையில். போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. சுற்றிலும் வாசல்தோறும் கார் நின்றது. அவர் மகன் ஓடி ஓடிக் கேட்டான். அந்த நேரம் பார்த்து எல்லார் வீட்டிலும் சாவி காணாமல் போய்விட்டது. தாங்களே கூட்டிப் போகலாம் என்றால் விரட்டிப் போகவேண்டும், பெட்டி கெட்டுவிடுமே! கடைசியில் ஆட்டோவில் போய்ப் பிழைத்துக்கொண்டார். என் வண்டி அன்றைக்கு என்ஜின் இறக்கிக் கிடந்தது. இல்லாவிட்டால் எடுத்துக்கொடுத்திருப்பேன். எனக்கென்ன, என் பெட்டி கெட்டுக் குட்டிச்சுவராகி வெகுகாலம் ஆகிறது.

நான் சிந்தாமணி. கோயம்புத்தூரில் பொள்ளாச்சி ரோட்டில் சஸ்பென்ஷன் பட்டறை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

அந்த வியாழக்கிழமை ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஓர் ஆள் மடக்கு நாற்காலியைப் பிரிப்பதுபோலக் கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தார். நல்ல உயரம். முழங்கால் முகவாயில் இடிக்கிற மாதிரி சீட்டை முன்னால் தள்ளிவைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அக்கா, என்ற பேரு தீர்த்தகிரிங்க. கிணத்துக்கடவுல மாட்டு டாக்டரு. ஞாயித்துக்கிழமை வளைவு பாக்க வர்றாங்க."

"யாரு வர்றாங்க?"

"பொள்ளாச்சி வெள்ளிங்கிரி ஐயா வீட்டுல."

நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். தென்னந்தோப்பு, நார் மில் என்று வசதியான மனிதர். ஆனால் வெள்ளிங்கிரிக்குப் பேர் அதனால் இல்லை. அவர் நீலக் கார் வளைவில் திரும்புகிற அழகை வீடியோ எடுத்துக் கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அத்தனை சுத்தமான பெட்டி. அந்தக் காரின் சாவி அவர் வேட்டி மடிப்பைவிட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"பொண்ணு பேரு?"

"மிருதுளாங்க." சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

"ஓஹோ! புரோக்கர் பாத்த இடமில்லையா இது?"

"இல்லீங்கக்கா. அவங்க தோட்டத்துல மாட்டுக்கு ஊசி போட வாரம் வாரம் போவேனுங்க..."

"ஊசி மாட்டுக்குத்தான் போட்டீங்களா?"

மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. அப்பா அம்மா இல்லாதவர், ஒரே அக்கா சிங்கப்பூரில். இந்தப் பெண் இல்லையென்றால் தனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்றார். வெள்ளிங்கிரியோ, வளைவில் வண்டி ஒரு சாண் தள்ளினாலும் பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டாராம்.

"சாவியக் குடுங்க, ஒரு ரவுண்டு பாக்கறேன்."

நான் குள்ளம். எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டை முன்னால் இழுக்காமல் எனக்குக் கால் எட்டாது. இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் சீட், கண்ணாடி எல்லாம் எனக்கென்றே வைத்தது மாதிரி இருந்தது. இந்த உயரத்து மனிதர் ஏன் இப்படி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே ரவுண்டானாவுக்கு ஓட்டிப்போனேன்.

அம்மாடி! ஸ்டியரிங்கை ஒடித்தேன், வண்டி நேராகப் போனது. இன்னும் ஒடித்தேன், அப்போதும் நேராகவே போனது. முன்டயர் கிறீச்சென்று அழுதுகொண்டு ரவுண்டானாவைச் சுற்றாமல் எதிரே இருந்த பேக்கரிக்குள் டீ குடிக்கப் பார்த்தது. மூக்கு தள்ளுகிற வண்டி நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படித் தள்ளுகிறது இதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "ஏன் தம்பி, பாத்தா பசுமாட்டையே வாங்க போங்கன்னு கூப்படற ஆளாட்டம் இருக்கீங்க. பெட்டி உங்களப் பெரிய ரவுடிங்குது? ராத்திரி ரேஸ் போறீங்களா?"

"நான் அம்பதத் தாண்ட மாட்டேனுங்க்கா."

"அப்புறம்?"

நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. கீழே ஆட்டு ரோமம். டிக்கியில் மேளக்காரர் யாரோ விட்டுப்போன துணியுறை. கண்ணாடியில் மூன்று வேறு வேறு கோவில்களின் விபூதிப் பொட்டலம். ஒருத்தர் வண்டி மாதிரியே இல்லை அது, டவுன் பஸ் மாதிரி இருந்தது.

அதற்குள் அவர் போன் அடித்தது. "ஆமாங், நிக்குது... பாப்பாவுக்குக் காய்ச்சலா?" என்றவர் போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அக்கா, வண்டிய மதியத்துக்கு மேல பாத்தா ஆகாதுங்களா?"

"லிப்ட்டுல ஏத்திப்போட்டேன்!" என்று கத்தினேன். ஏற்றவில்லை, இனிமேல்தான் ஏற்ற வேண்டும். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "என் வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, போங்க."

விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரே சாவியை ஒளித்துவைத்திருக்கிற காலத்தில் இந்த மனிதர் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனவர், பஸ்ஸைப் பிடிக்க விரட்டியவர், பொண்டாட்டியிடம் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டியவர் என்று அத்தனை பேர் குணத்தையும் பெட்டி இவர் ஒருத்தர் கணக்கில் எழுதிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க," என்றேன்.

"கேட்டா எப்படிங்க்கா இல்லைங்கறது?"

"வாயால சொல்லோணும்!"

"அது வர மாட்டேங்குதுங்களே."

தலையில் அடித்துக்கொண்டேன். அப்படியே நிறுத்தினாலும் பிரயோசனம் இல்லை, பெட்டி மனசு மாற மாசக்கணக்காகும். பெட்டியைத் தொட்டால் என் லைசென்ஸ் போய்விடும். ஆனால் பெட்டிக்குக் கீழே இருக்கிற இரும்பைத் தொடக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"இங்க வாங்க, குனிஞ்சு பாருங்க," என்று அவரை வண்டிக்கு அடியில் கூப்பிட்டேன். "முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேத்துக் குறுக்கால ஒரு கம்பி போகுது பாருங்க. வண்டி சாயாம புடிச்சுக்கறது இதுதான். வளைவுல பாரம் வெளிப்பக்கமா சாயும். முன்கம்பி விறைப்பா இருந்தா அத்தனை பாரமும் அந்தப் பக்கத்து முன்டயர் ஒண்ணு மேலயே போய் உக்காந்துக்கும். பந்தி அண்டாவ நாலு பேர் தூக்கறப்ப மூணு பேரு கைய விட்டா நாலாவது ஆளு என்ன பண்ணுவான்?"

"வழுக்கிருவானுங்க."

"அதேதான். டயரு வழுக்குது, மூக்கு தள்ளுது. பெட்டி பண்ற வேலையே இதுதான். நான் முன்னால சன்னக் கம்பியும் பின்னால தடிக் கம்பியும் போடறேன். முன்சக்கரத்தோட மேல்பக்கத்த உள்ளுக்குள்ள கொஞ்சம் சாய்க்கறேன். அப்ப வளைவுல டயரு தரையோட முழுசா ஒட்டும். பெட்டி என்னதான் விறைக்கப் பாத்தாலும், விறைக்கறதுக்கு முன்பக்கம் தடிக் கம்பி இருக்காது."

அவர் யோசித்தார். "இது அவங்கள ஏமாத்தற மாதிரி இல்லீங்களா?"

"பெட்டி உங்களப் பத்திச் சொல்றது மட்டும் நெசமா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கம்பியையே பார்த்தார். எனக்கும் அது முழுப் பதிலாகப் படவில்லைதான். ஆனால் வாய் என்னுடையது, அது நிற்கவில்லை. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மூக்கு தள்ளற வண்டி மக்கு வண்டி, ஆனா ஆபத்தில்லாதது. பயந்து கால எடுத்தா அதுவா அடங்கிரும். நான் பண்ணித் தர்ற வண்டி அப்படியில்ல. வளைவுல பாதியில பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து பொசுக்குன்னு கால எடுத்தீங்க, பாரம் முன்னால ஓடிவந்துரும், பின்பக்கம் லேசாயிரும், வால் சுத்திரும். லேசா மிதிச்சுட்டே திரும்போணும். கால எடுக்கவே கூடாது."

சனிக்கிழமை காலிமனையில் வைத்துப் பழக்கினேன். முதலில் ஒவ்வொரு திருப்பத்திலும் பயந்து காலை எடுத்து, பம்பரமாகச் சுற்றி, "மன்னிச்சுக்கோங்க" என்று வண்டியிடமே சொன்னார். சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டார். சினைமாட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்கிற மனிதருக்குக் கால் பக்குவம் வராமல் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் என்று நான் ஒருத்திதான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், கையில் கிரீஸ் வாடை மட்டும் போகவில்லை. வளைவுச் சுவரில் பெண் வீட்டார் முழுவதும் ஆஜர். கீழே ஆழியாறு அணை வெயிலில் மினுமினுத்தது. வெள்ளிங்கிரி வெள்ளை வேட்டியில் நடுநாயகமாக நின்றார். பக்கத்தில் மிருதுளா. என்னைவிட அரை அங்குலம் உயரம் இருப்பாள், அவ்வளவுதான். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அந்தக் கணமே எனக்கு அந்த சீட் ஞாபகம் வந்தது. அடிப்பாவி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேலேயிருந்து வெள்ளைக் கார் இறங்கியது. வளைவுக்குள் நுழைந்தது, சாய்ந்தது, மூக்கை உள்ளே வைத்தது. கோலம் போடுகிற கை மாதிரி கோட்டை ஒட்டியே சுற்றிப் போய் நின்றது. சுவரில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அத்தை ஒருத்தி சம்படத்தைத் திறந்து முதல் முறுக்கை என்னிடம் நீட்டினாள். நான் கடிக்கப் போனேன்.

"சித்த பொறுங்க," என்றார் வெள்ளிங்கிரி. "மாப்ளே, சாவியக் குடுங்க. நானே ஒருவாட்டி ஓட்டிப் பாக்கறேன்."

முறுக்கு என் கையிலேயே நின்றுவிட்டது.

"எதுக்குங்கப்பா?" என்றாள் மிருதுளா.

"போன வாரம் இதே வண்டி கிணத்துக்கடவு ரவுண்டானாவுல மூக்கு தள்ளிட்டுப் போனத என்ற ரெண்டு கண்ணாலயும் பின்னாடி இருந்து பாத்தேன். ஒரு வாரத்துல திருந்திருச்சா? என்னமோ இருக்குது."

தீர்த்தகிரி வழக்கம்போல, கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார்! மனிதருக்கு இந்த ஒரு தடவையாவது இல்லையென்று வரக்கூடாதா? நான் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் மிருதுளா ஏறினாள். "அண்ணா, மெதுவாப் போங்க," என்றேன்.

"மெதுவாப் போனா எப்படி அம்மிணி தெரியும்? தள்ளுதான்னு பாக்கோணுமில்ல?"

எப்போதும் நடக்கிற வேகத்தில் கார் ஓட்டுகிற மனிதர் அவர். அன்றைக்கு இறக்கத்தில், வாழ்நாளில் போகாத வெசையில் இறங்கினார். "அண்ணா, வளைவுல கால மட்டும் எடுத்துராதீங்க, வண்டிக்கு அடியில நான் வேலை பாத்திருக்கேன்..." என்று நான் முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது. மூக்கு தள்ளும் என்று நினைத்து ஸ்டியரிங்கைப் பலமாக ஒடித்தார். தள்ளவில்லை. வெண்ணெயில் கத்தி போல உள்ளே திரும்பியது. அவர் மிரண்டு காலை வெடுக்கென்று எடுத்தார்.

வால் கிளம்பியது. கண்ணாடியில் மலை ஓடியது, அத்தைகள் ஓடினார்கள், அணைத் தண்ணீர் ஓடியது. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

"அப்பா, கைய விடுங்க! பிரேக்க மிதிக்காதீங்க!" மிருதுளா குறுக்கே பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வால் எந்தப் பக்கம் போனதோ அதே பக்கம் சக்கரத்தைத் திருப்பினாள். "லேசா ஆக்சிலேட்டர மிதிங்க... லேசா... அவ்வளவுதான்." வண்டி ஒரு தடவை ஆடியது, இன்னொரு தடவை ஆடியது, பிறகு சாது மாதிரி சுவரோரமாக நின்றது. ஒரு கீறல் இல்லை. மேலே சுவரில் இருந்த அத்தை வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிங்கிரி என்ஜினை அணைத்தார்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?" என்று மகளைக் கேட்டார்.

மிருதுளா தொண்டையைச் செருமினாள். "ரவுண்டானாவுல நீங்க பாத்தது என்னைத்தானுங்கப்பா."

"என்ன?"

"அவரு நம்ம தோட்டத்துல மாட்டப் பாக்கற நேரத்துல நான் வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன். போன ஆடியில இருந்தே. எனக்கு ஓட்டப் புடிக்கும்ப்பா. வெசையா ஓட்டப் புடிக்கும். மூக்கு தள்ளற வண்டியத் தள்ளாமத் திருப்பறது எப்படின்னு நானே தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டேன். பெட்டி கெட்டதுல பாதி என்னாலதான்." அப்பாவை நேராகப் பார்த்தாள். "உங்ககிட்ட எத்தனை தடவ சாவி கேட்டிருக்கேன்? பெட்டி கெட்டுப் போயிரும்னு ஒருநாளாவது குடுத்தீங்களா? அவருகிட்ட ஒருவாட்டிதான் கேட்டேன்."

என் பங்குக்கு நானும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கம்பி மாற்றியது, சக்கரம் சாய்த்தது, எல்லாம். மறைத்துவைக்க அங்கே இனி என்ன இருந்தது? எங்கள் மூன்று பேரையும் கொன்றிருப்பேனே என்ற பயம் எனக்கு. "கோபம்னா என் மேல படுங்கண்ணா. அந்தத் தம்பிக்கு ஏமாத்தறது புடிக்கவே இல்ல, நான்தான் பேசிச் சம்மதிக்க வெச்சேன்," என்றேன்.

அதற்குள் தீர்த்தகிரி மூச்சிரைக்க ஓடிவந்தார், பின்னாலேயே உறவினர்களும் வந்தார்கள். கதவைத் திறந்து முதலில் மிருதுளாவைப் பார்த்தார், பிறகு வெள்ளிங்கிரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "யாருக்கும் ஒண்ணுமில்லீங்களே?" வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிங்கிரி மெல்ல இறங்கினார். "பெட்டி கெட்டுப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"இன்னைக்கு நான் இத வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன்னும் தெரியும்?"

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்குக் குடுத்தீங்க?"

தீர்த்தகிரிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "கேட்டாங்க, குடுத்தேனுங்க."

வெள்ளிங்கிரி அணைப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு அவர் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். நீலக் காரின் சாவி வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ "ஆத்தீ" என்றார்கள்.

"எனக்குக் கை நடுங்குது," என்று அதை மகளிடம் நீட்டினார். "வீட்டுக்கு நீ ஓட்டு."

"பெட்டி கெட்டுப் போயிருமுங்கப்பா."

"கெட்டாக் கெடுது போ."

மிருதுளா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அப்பாவை ஏற்றிக்கொண்டு அந்த நீலக் காரில் இறங்கிய வேகத்தைப் பார்த்து நானே கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த வளைவில் வெள்ளிங்கிரியின் "அம்மிணீஈஈ!" என்ற சத்தம் மலையெல்லாம் எதிரொலித்தது. அது முழுக்கப் பயத்தில் வந்த சத்தம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. நான் மிச்ச முறுக்கைத் தின்றுவிட்டு, தீர்த்தகிரியின் வண்டியை அன்றைக்கே பட்டறைக்கு ஓட்டிப்போய்ப் பழைய கம்பிகளை மாட்டி அனுப்பினேன். உயிரோடு விளையாடுகிற வேலை இனி வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

தை மாசம் கல்யாணம் தடபுடலாக நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த அதே வெள்ளைக் கார் மண்டபத்து முன்னால் திரும்பாமல் மூக்கைத் தள்ளிக்கொண்டு பந்தல்காலில் போய் முட்டியது. ஊரே சிரித்தது. ஆனால் அது கேலிச் சிரிப்பில்லை. மலையில் நடந்த கதை அதற்குள் எல்லார் காதுக்கும் போயிருந்தது.

கதை பரவினால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சித்திரையில் ஒருத்தர் பட்டறைக்கு வந்தார். ஐ.டி. மாப்பிள்ளை, பளபளவென்று புது வண்டி, சுத்தமான பெட்டி.

"அக்கா, வளைவு பாக்க வர்றாங்க. கொஞ்சம் மூக்கு தள்ளற மாதிரி பண்ணிக் குடுக்க முடியுங்களா?"

"என்னது?"

"பொண்ணு வீட்டுல கேக்கறாங்க. வண்டி ரொம்ப நல்லாத் திரும்புனா பையன் கைய இறுக்கமா வெச்சிருக்கறவன்னு அர்த்தமாமா. தள்ளுனாத்தான் நாலு பேருக்குக் குடுக்கற மனசாம்."

தலையிலடித்துக்கொண்டு அனுப்பிவைத்தேன். அடுத்த நாள் இன்னொருத்தர் வந்தார். அதற்கடுத்த வாரம் வரிசையே நின்றது. முன்னால் தடிக் கம்பி கேட்கிறார்கள். யாராவது ஒருத்தராவது சாவியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைக்கிறார்களா? ஊஹூம். கம்பிதான் வேண்டும்.

அந்த வரிசையில் ஒருநாள் நீலக் கார் நின்றது. வெள்ளிங்கிரி இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"நீங்களுமாண்ணா?" என்றேன்.

"அதுக்கில்ல அம்மிணி." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா, ஒருவாட்டி ஓட்டுனதோட சரி. நானும் தெருவுல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன், வண்டி வேணும்னா எடுத்துக்கோங்கன்னு. ஒருத்தனும் வர மாட்டேங்கறான். இத்தனை வருசமா இல்லைன்னு சொல்லிப் பழக்கிப்போட்டேன், இப்ப யாரும் கேக்கறதே இல்ல. வண்டி பாட்டுக்குக் கோடு போட்டாப்பல திரும்பிட்டே இருக்குது. பாக்கவே கூச்சமா இருக்குது. நீ கம்பிய மாத்தியாவது..."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"கம்பியெல்லாம் மாத்த மாட்டேன்," என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினேன். "என் வண்டிய ஒருத்தரு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு உக்கடம் மார்க்கெட் வரைக்கும் போகோணும். சாவியக் குடுங்க."

அவர் கை வேட்டி மடிப்புக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? நான் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் சாவி வந்து என் உள்ளங்கையில் விழுந்தது, சூடாக இருந்தது.

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என்ஜினைக் கிளப்பினேன். வெள்ளிங்கிரி ஜன்னலருகே குனிந்தார்.

"எப்ப வருவே அம்மிணி?"

"யாருக்குங்ணா தெரியும்? வழியில யாராவது கேட்டா குடுத்துட்டுத்தான் வருவேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர் மேல் போய் உட்கார்ந்தார். நான் ரவுண்டானாவில் டயர் கிறீச்சிட ஒடித்துத் திருப்பியபோது கண்ணாடியில் பார்த்தேன். வேட்டியைத் தட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.